நோஸ்கே நட்ட வேலி

ஆஸ்திரேலியாவின் விம்மேரா சமவெளியில் அரசாங்கம் எங்களுக்கு நிலம் கொடுத்தபோது கூடவே மூன்று நிபந்தனைகளையும் கொடுத்தது. வாங்கியவர் அந்த நிலத்திலேயே வீடு கட்டி மூன்று வருடம் குடியிருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்காவது உழுதிருக்க வேண்டும். சுற்றி வேலி இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பட்டா. இல்லையென்றால் நிலம் திரும்பவும் அரசாங்கத்துக்கு. அரசாங்கத்துக்கு என்றால் ரூத்வென் துரையின் ஆடுகளுக்கு என்று அர்த்தம். நாங்கள் வருவதற்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அந்த ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. எங்களை அவை ஒரு பருவத்து வெட்டுக்கிளி மாதிரிதான் நினைத்தன.

நிபந்தனைகளை நாங்கள் எல்லோரும் மதித்தோம். மதித்த விதம் ஆளுக்கு ஆள் வேறு.

கண்ணாடி ஜன்னல் இல்லாதது வீடு அல்ல, கொட்டகை என்பது நில இன்ஸ்பெக்டர் ஹார்ஸ்ஃபாலின் கொள்கை. எங்கள் வட்டாரத்தில் ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. முன்னேற்றச் சங்கத் தலைவர் ஸ்கீட்ஸுக்குச் சொந்தம். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அது ஒரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு அவருக்கு ஒரு வீடு முன்னாலேயே போய்க்கொண்டிருக்கும். ஐந்தாவது வீட்டில் ஹார்ஸ்ஃபால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே ரசனை" என்றார். மூலையில் இருந்த விரிசலும் எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில்தான் இருந்தது. அதையும் ரசனையில் சேர்த்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர். உண்மையைத் தேடி வெயிலில் அலைவதைவிட நிழலில் டீ குடிப்பது மேல் என்று அறிந்தவர்.

இப்படிப்பட்ட இடத்தில் நிபந்தனைகளை எழுத்துக்கு எழுத்து மதித்தவர்கள் இரண்டே பேர். அவர்கள் பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்களாக அமைந்தது கடவுளின் வேலையா, சர்வே இலாகாவின் வேலையா தெரியவில்லை.

ஒருத்தி டாம்சின் ட்ரெகியர். பல்லாரட் சுரங்கத்துக் கார்ன்வால்காரர் ஒருவரின் மகள். அப்பா செத்ததும் வீடு அண்ணனுக்குப் போயிற்று. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் அவள் இருந்த அறை அண்ணியின் தையல் மிஷினுக்குப் போயிற்று. இருபத்தாறு வயதுவரை அடுத்தவர் வீட்டுக் கட்டிலில் படுத்து, அடுத்தவர் தட்டில் சாப்பிட்டவள். கல்யாணமாகாத பெண்ணும் தன் பெயரில் நிலம் கேட்கலாம் என்று சட்டம் வந்த வருடமே விண்ணப்பம் போட்டுவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு கோழிக்கூண்டுமாக வந்து இறங்கினாள். வந்த அன்று வண்டியிலிருந்து குதித்து, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வெற்றுத் தரையில் கொஞ்ச நேரம் நின்றதை நான் பார்த்தேன். அவள் நிலத்தின் கிழக்கு எல்லையில் ஓர் ஓடை, அதற்கு அப்பால் இருப்பது என் நிலம். அவளுடைய கோழிக்கூண்டை இறக்கியது என் காளை வண்டி.

இன்னொருவன் அவளுக்கு மேற்கே இருந்த லெபரெக்ட் நோஸ்கே. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஜெர்மன் ஊர் ஒன்றிலிருந்து வந்தவன். ஆறடி உயரம். வாயைத் திறந்தால் ஏதோ செலவாகிவிடும் என்பதுபோல் பேசுவான். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவனுக்கு வேதம். வேதத்தில் எழுதியிருப்பது அதற்கு அடுத்த வேதம்.

இருவரும் குடிசைகளை வேலிக்குப் பக்கத்திலேயே கட்டிக்கொண்டார்கள். காரணம் கிணற்று நீர் என்று இருவரும் சொன்னார்கள். கிணறு டாம்சினுடையது. நோஸ்கே தன் பக்கம் தோண்டிய இடத்தில் உப்பு நீர்தான் வந்தது. ஆகவே தினமும் அவன் வாளியோடு வேலிக்கு வருவான், அவள் நிரப்பிக் கம்பிக்கு மேலாகக் கொடுப்பாள். ஒரு மனிதன் ஒரு நாளைக்கு அவ்வளவு தண்ணீர் குடித்தால் உயிரோடு இருக்க முடியாது. அவன் இருந்தான்.

முதல் வருடம் முடிவதற்குள் வட்டாரத்துக்கே விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் கல்யாணம் நடக்க வழியில்லை. கல்யாணமான பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் தனியாக வீடு கிடையாது. புருஷன் வீடுதான் அவள் வீடு. மோதிரம் மாற்றிய நிமிடமே அவள் தன் நிலத்தில் குடியிருப்பதை நிறுத்தியவள் ஆகிவிடுவாள், அங்கேயே படுத்துத் தூங்கினாலும். பட்டா கைக்கு வந்துவிட்டால் பிறகு யாரை வேண்டுமானாலும் கட்டலாம். அதுவரை பொறுக்க வேண்டும்.

மற்றவர்களாக இருந்தால் இதற்கு ஆயிரம் வழி கண்டுபிடித்திருப்போம். இவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலியின் நடுக்கம்பிக்கு அடியில் ஒரு மேஜையை நுழைத்து, பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாகப் போட்டு, அவரவர் நிலத்தில் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரொட்டி கம்பிக்குக் கீழே போகும். ஆட்டுக்கறி கம்பிக்குக் கீழே வரும். ஒருமுறை நான் நோஸ்கேயிடம் கேட்டேன்.

"ஏன் மாப்ளே, பகல்ல அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டா சட்டம் என்ன கடிச்சா வைக்கும்?"

"குடியிருக்கணும்னு சட்டம் சொல்லுது" என்றான் நோஸ்கே. "சாப்பிடுறது குடியிருக்கிறதுல சேருமா சேராதான்னு சொல்லல. தெரியாத இடத்துல நான் கால் வைக்கிறதில்ல."

"கேட்டீங்களா, ஆம்ப்ரோஸ்?" என்றாள் டாம்சின் என்னிடம். "நாங்க ரெண்டு பேரும் ஒரே மேஜையில சாப்பிட்டாலும் ரெண்டு ஊர்ல சாப்பிடுறோம். உப்பை இப்படித் தள்ளுங்க, மிஸ்டர் நோஸ்கே. அனுமதி இருந்தா."

அவன் உப்பைத் தள்ளினான். அவள் விரல் அவன் விரலில் பட்டது. இருவரும் உப்பு ஜாடியையே பார்த்தார்கள். நான் எழுந்து காளைகளுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். அவை அப்போதுதான் குடித்திருந்தன.

மூன்றாவது வருட அறுவடை முடிந்ததும் ஹார்ஸ்ஃபால் வந்தார். இந்த முறை கூடவே பெல்லமி என்ற இளம் சர்வேயரும், சங்கிலி இழுக்கும் ஆட்களும். எங்கள் வட்டாரத்து எல்லை முளைகள் வருடத்துக்கு வருடம் மேய்ச்சல் நல்ல பக்கமாக நகர்கின்றன என்று யாரோ மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் பட்டா கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் புதிதாக அளக்க உத்தரவு.

ஜன்னல் தன் கடமையைச் செய்தது. முளைகளும் முந்தின வாரமே வீடு திரும்பியிருந்தன. எல்லோரும் தேறினோம். என் குடிசைக்குப் பாதிக் கூரைதான். ஹார்ஸ்ஃபால் கூரை இருந்த பாதியில் நின்று பார்த்துவிட்டு, "காத்தோட்டமா இருக்கு" என்று எழுதிக்கொண்டார்.

டாம்சின் வீட்டில் ஜன்னல் ஓட்டைக்கு வெள்ளைத் துணித் திரை தொங்கியது.

"கண்ணாடி எங்கேம்மா?"

"இன்னும் வாங்கலைங்க ஐயா. ஸ்கீட்ஸ் அண்ணன் தர்றேன்னு சொன்னாரு. பொய்யா ஒண்ண மாட்ட மனசு வரல."

பின்னால் நின்ற ஸ்கீட்ஸ் வானத்தைப் பார்த்தார். ஹார்ஸ்ஃபால் முதல் தடவையாக ஒரு வீட்டை உண்மையிலேயே பார்த்தார் என்று நினைக்கிறேன். சுண்ணாம்பு அடித்த சுவர், கோழிக்கூண்டு, வெங்காயப் பாத்தி, பெருக்கிய வாசல். "இதுதான்மா குடியிருப்பு" என்றார். அவள் முகம் சிவந்தது. நோஸ்கே தன் பக்கத்து வேலியோரம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தான். கிழமை செவ்வாய்.

அப்போதுதான் பெல்லமி தென்மூலையிலிருந்து குரல் கொடுத்தான். "இது எங்க முளை இல்லையே. நாங்க நட்டது வேற மரம். இதை யார் நட்டது?"

வேறு யாராக இருந்தாலும் முளையா, எந்த முளை என்று கேட்டிருப்போம். நோஸ்கே தொப்பியைக் கழற்றினான்.

"நான்தான், ஐயா. வந்த புதுசுல, குடிசை எதுவும் கட்டறதுக்கு முன்னாலயே, மாடு உரசி உரசி அது ஆடிப்போச்சு. அப்புறம் குளிர்கால வெள்ளத்துல மிதந்து போயிடுச்சு. தண்ணி வடிஞ்சதும் பார்த்தா இந்தப் பக்கம் பூரா குழி. ரூத்வென் துரையோட பழைய ஆட்டுப்பட்டிக் குழிங்க. முளை இருந்த குழி எதுன்னு தெரியல. மூணு குழி மேல சந்தேகம். சந்தேகம் வந்தா அடுத்தவங்களுக்கு நஷ்டம் வரக் கூடாது இல்லீங்களா. அதனால என் பக்கம் ரொம்ப ஒதுங்கின குழியிலேயே நட்டு, அதை வெச்சு வேலி இழுத்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "மிஸ் ட்ரெகியர் நிலத்துல ஒரு அடிகூட என்கிட்ட வரல. இது அவங்களுக்கும் தெரியாது. சொன்னா வேண்டாம்பாங்கன்னு சொல்லல."

அவ்வளவு நீளமாக அவன் பேசி நாங்கள் கேட்டதில்லை. அது ஒரு காதல் கடிதம்தான். சர்வேயரிடம் படித்துக் காட்டினான், அவ்வளவுதான். டாம்சின் அவனைப் பார்த்த பார்வையில் ஸ்கீட்ஸ்கூட வானத்திலிருந்து கண்ணை இறக்கினார்.

பெல்லமி கருவியைத் திருப்பி எதையோ பார்த்தான். சங்கிலி நகர ஆரம்பித்தது. வேலியைத் தாண்டியது. வெங்காயப் பாத்தியைத் தாண்டியது. டாம்சின் இன்னும் நோஸ்கேயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கிலி கோழிக்கூண்டைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, குடிசையின் பின்சுவரையும் தாண்டிப் போய், சேற்றுப்பள்ளம் தொடங்கும் இடத்தில் நின்றது. அங்கே ஒரு சிவப்புக் கொடியைச் செருகினார்கள்.

ஹார்ஸ்ஃபால் கொடியைப் பார்த்தார். குடிசையைப் பார்த்தார். அவருக்குப் பாவம், டீகூட இன்னும் வரவில்லை.

"மிஸ் ட்ரெகியர், நீங்க மூணு வருஷமா மிஸ்டர் நோஸ்கே நிலத்துல குடியிருந்திருக்கீங்க."

நாங்கள் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது. வட்டாரத்திலேயே யோக்கியமான இரண்டு பேர் இத்தனை காலம் கம்பி வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஒரே நிலத்தில் ஏங்கியிருக்கிறார்கள். "அப்போ கல்யாணம் ஆன மாதிரிதான், மாப்ளே" என்று ஸ்கீட்ஸ் நோஸ்கேயின் முதுகில் தட்டினார். "பந்தி மட்டும்தான் பாக்கி."

டாம்சின் சிரிக்கவில்லை. கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்தாள். இறைத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"இது யாரோட தண்ணி?" என்று கேட்டாள்.

அவள் வாளியை மெதுவாகத் திரும்பக் கிணற்றுக்குள் இறக்கினாள்.

சட்டப்படி நிலைமை சுலபமானது. அவள் உழுததெல்லாம் அவள் நிலத்தில்தான் இருந்தது. படுத்தது மட்டும் இல்லை. ஆகவே அவள் பெயரில் இருந்த அனுமதி ரத்து. நிலத்துக்கு யார் வேண்டுமானாலும் புதிதாக விண்ணப்பிக்கலாம். அடுத்த மாதம் நில வாரியம் விசாரித்து ஒருவருக்குக் கொடுக்கும். ஹார்ஸ்ஃபால் இதைச் சொல்லும்போது உண்மையிலேயே வருத்தப்பட்டார். மூன்று வருடம் ஜன்னல் இல்லாதவர்களுக்கு ஜன்னல் இருப்பதாக எழுதிய கை, வீடு இருப்பவளுக்கு வீடு இல்லை என்று எழுத வேண்டியதாயிற்று.

அந்த வாரம் முழுக்க எங்கள் வட்டாரம் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றியே பேசியது. ஸ்கீட்ஸின் மனைவி கேக்குக்குத் திராட்சை ஊறப்போட்டுவிட்டாள். தடை நீங்கிவிட்டதே. நிலம் இல்லாத பெண், நிலம் உள்ள பையன், ஒரே வீடு, ஒரே வேலி. முன்னேற்றச் சங்கத்தின் ஆண்டறிக்கையில் சேர்க்க எங்களுக்கும் ஒரு குடும்பம் கிடைத்த மாதிரி இருக்கும்.

நோஸ்கேயிடம் கடன் வாங்கிய பரம்புப் பலகையைத் திருப்பிக் கொடுக்க நான் போன அன்று இருவரும் வேலியில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த வேலிக்கு இப்போது அர்த்தமே இல்லை. ஆனாலும் அவன் அந்தப் பக்கம்தான் நின்றான், அவள் இந்தப் பக்கம்தான் நின்றாள். நான் பரம்பை இறக்க நேரம் எடுத்துக்கொண்டேன்.

"இப்ப தடை ஒண்ணும் இல்ல" என்றான் நோஸ்கே. "என் நிலம் உங்க நிலம்."

"உங்க நிலம் உங்க நிலம்தான், நோஸ்கே."

பெயருக்கு முன்னால் இருந்த மிஸ்டர் போய்விட்டதை அவன் கவனித்தான். காது நுனி சிவந்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "நீங்க வேற குழியில நட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தப்பான குழியா இருந்தா உங்க நிலத்துல ஒரு துண்டு என் பக்கம் வந்திருக்கும்."

"வந்திருக்கட்டுமே. நான் அதுக்குத் தள்ளித்தானே குடிசை கட்டியிருப்பேன். என் தரையிலேயே படுத்திருப்பேன்." அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் திருடியிருக்கலாம் நீங்க. ஊரே திருடுது. உங்களுக்கு மட்டும் என்ன கேடு?"

"நான் ஒதுங்கித்தான் நட்டேன்" என்றான் அவன். அந்த வாரம் முழுக்க யாரிடம் பேசினாலும் அவனுக்கு அந்த ஒரு வாக்கியம்தான் வந்தது.

"தெரியும். அதனாலதான் திட்டக்கூட முடியல."

பிறகு அவள் சொன்னாள். "உங்ககிட்ட வர எனக்கு ஆசை இல்லேன்னு மட்டும் நினைச்சிடாதீங்க. தினமும் அந்த ஆசையோடதான் எழுந்திருக்கிறேன், அதோடதான் கோழிக்குத் தீனி போடுறேன். கோழிக்கே அலுத்துப் போச்சு. ஆனா வர்றப்போ, என் இடத்துலேருந்து கிளம்பி வந்தவளா வரணும். போக இடமில்லாம ஒண்டிக்க வந்தவளா வரக் கூடாது. அப்படி நிறைய வீட்டுல இருந்துட்டேன்."

"அப்ப மறுபடி மூணு வருஷம்."

"வாரியம் எனக்கே கொடுத்தா, மூணு வருஷம்."

அவன் வேலிக்கம்பத்தில் ஒரு மரச் சிலாம்பை நகத்தால் பெயர்த்தான். பெயர்த்த சிலாம்பைத் திரும்ப அதே இடத்தில் வைத்துப் பார்த்தான்.

"சரி" என்றான்.

நில வாரியம் ஊரில் ஓட்டல் பின்கூடத்தில் கூடியது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் தலைவர். மேஜைக்கு முன்னால் ஒரு நாற்காலி. எங்கள் வட்டாரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பொய் சொல்லாத பின்புறமே கிடையாது. அது அவ்வளவு வழுவழுப்பாக இருந்தது.

டாம்சினின் நிலத்துக்கு இன்னொரு விண்ணப்பமும் வந்திருந்தது. ரூத்வென் துரையின் மேஸ்திரிக்கு மருமகன், சைலஸ்.

"இதுக்கு முன்னால நிலம் வாங்கியிருக்கியா?" என்று தலைவர் கேட்டார்.

"சத்தியமா இல்லீங்க."

"போன வருஷம் இதே நாற்காலியில மீசையோட ஒருத்தன் உட்கார்ந்திருந்தானே?"

"அது எங்க அண்ணனுங்க."

"அதுக்கு முந்தின வருஷம் தாடியோட?"

"சித்தப்பா. அவரு இப்ப இல்லீங்க."

"செத்துட்டாரா?"

"சவரம் பண்ணிட்டாருங்க" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். கூடம் குலுங்கியது. சைலஸும் சேர்ந்து சிரித்தான். அவனுக்கு அதில் நட்டமில்லை. சந்தேகம் இருந்தாலும் இரண்டு விண்ணப்பத்தில் ஒன்று தள்ளுபடியானால் மற்றது தானாக ஜெயிக்கும். டாம்சினுடையதைத் தள்ள ஒரு நல்ல காரணம் பின்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

டாம்சின் போய் உட்கார்ந்தாள். தலைவர் காகிதத்தைப் பார்த்தார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

"மூணு வருஷ உழைப்பு வீணாப் போச்சு, கேள்விப்பட்டேன். இதுல உங்க தப்பு எதுவும் இல்ல. ஆனா ஒண்ணைக் கேட்டே ஆகணும். ஒரு குடும்பத்துக்கு ரெண்டு நிலம் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. பக்கத்து நிலக்காரர் மிஸ்டர் நோஸ்கேயைக் கல்யாணம் பண்ணிக்கிற உத்தேசம் உண்டா உங்களுக்கு?"

எங்களுக்கு ஒன்று தெரியும். டாம்சின் ட்ரெகியர் பொய் சொல்லி எங்களில் யாரும் கேட்டதில்லை. அண்டைவீட்டுக் குழந்தை அழகாக இருக்கிறதா என்று கேட்டால்கூட, "ஆரோக்கியமா இருக்கு" என்பாள். ஆமாம் என்று சொன்னால் நிலம் போயிற்று. ஸ்கீட்ஸ் தன் வாழ்நாள் அனுபவத்தையெல்லாம் கண்ணில் திரட்டி அவளைப் பார்த்து மெல்லத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. திரும்பி நோஸ்கேயையும் பார்க்கவில்லை.

"இல்லீங்க ஐயா" என்றாள்.

குரல் தெளிவாக இருந்தது. தலைவர் எழுதிக்கொண்டார். நிலம் அவளுக்கு என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் நோஸ்கேயின் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான், கூடத்துக்குள் என்பதைக் கவனிக்காமல். பிறகு கழற்றினான்.

அன்றுமுதல் எங்கள் வட்டாரத்தில் யாரும் அவனை மாப்ளே என்று கூப்பிடவில்லை. எங்களில் யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் கண்ணடித்துவிட்டுப் போயிருப்போம். சொன்னது டாம்சின். அதனால் நம்பிவிட்டோம். நம்பிப் பழக்கமில்லாதவர்கள் நம்பினால் அளவு தெரியாது. ஸ்கீட்ஸ் வீட்டில் ஊறிய திராட்சையைச் சாதாரண ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சாப்பிட்டுத் தீர்த்தார்கள்.

டாம்சின் குடிசையை இழுத்துப் போக என் காளைகளைக் கேட்டாள். அடியில் இரண்டு மரத்தடிகளைக் கொடுத்து, சங்கிலி போட்டு, அப்படியே சறுக்குவண்டி மாதிரி இழுத்தோம். கொடிக்கு அந்தப் பக்கம் சேற்றுப்பள்ளம். மழைக்காலத்தில் வாத்து நீந்தும். அதைச் சுற்றிக்கொண்டு போனால் காய்ந்த மேடு என்று அவள் நிலத்தில் இருப்பது கிழக்குக் கோடியில், என் ஓடைக்கரையோரம்தான். ஆகவே அங்கேதான் போக வேண்டியிருந்தது. மூன்று வருடம் வேலிக்கு ஒரு கை தூரத்தில் இருந்தவள் இப்போது அரை மைல் போய்விட்டாள். சட்டம் இப்போது முழுத் திருப்தி அடைந்தது.

நோஸ்கே கோழிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தான். கொடி வந்ததும் நின்று, கூண்டைக் கீழே வைத்தான்.

"இதுக்கு மேல உங்க நிலம்" என்றான்.

"ஆமா" என்றாள் டாம்சின். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஸ்கீட்ஸும் இன்னும் நாலைந்து பேரும், அவர்களோடு வேடிக்கை பார்க்க வந்த சைலஸும் சுற்றி நின்றார்கள். அவள் சொல்லவில்லை. கூண்டை எடுத்துக்கொண்டு காளைகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அதன் பிறகு அவன் பழைய வேலியைப் பிடுங்கிக் கொடி இருந்த கோட்டில் புதிதாக நட்டான். பெல்லமி குறித்த கோட்டைவிட்டு ஒரு சாண்கூட ஒதுங்காமல். கம்பம் நடும்போது அடிக்கடி நிமிர்ந்து கிழக்கே பார்ப்பான். சேற்றுப்பள்ளத்துக்கு அப்பால் கையளவு ஒரு குடிசையும் அதன் புகையும்தான் தெரியும். வாளி எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. நல்ல கிணறு இப்போது அவனுடையது. அதில் தண்ணீர் இறைப்பதை அவன் கூடியவரை தள்ளிப் போட்டான் என்பது என் அபிப்பிராயம். சட்டை அழுக்காகவே இருந்தது.

டாம்சினும் நன்றாக இல்லை. மேட்டில் புதுக் கிணறு தோண்ட நான் உதவிக்குப் போனபோது, "மேற்கே ஏதாவது ஆள் நடமாட்டம் தெரியுதா, ஆம்ப்ரோஸ்? உங்க கண்ணு நல்ல கண்ணு" என்பாள். அவளுக்கு என்னைவிட நல்ல கண்.

"போய்ப் பேசுறதுதானே?" என்றேன். "பகல்ல நடக்கறதுக்கு எந்தச் சட்டமும் தடையில்ல."

"சைலஸ் தினமும் குதிரையில இந்தப் பக்கம் சுத்துறான். நான் அங்கே போனேன்னு ஒரு வார்த்தை போதும், வாரியத்துல பொய் சொன்னவளாயிடுவேன்."

"சொன்னது பொய்யா?" என்று நான் கேட்டேன், முகத்தை மாற்றாமல்.

"தோண்டுங்க" என்றாள்.

வசந்தத்தில் மேல்காற்று அடிக்க ஆரம்பித்தது. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் நான் ஓடையில் வாளியை முக்கிக்கொண்டிருந்தேன். மேற்கிலிருந்து ஒரு குரல் வந்தது. முதலில் ரூத்வென் துரையின் மாடு ஏதோ சேற்றில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். பிறகு அதில் வார்த்தைகள் இருந்தன.

நோஸ்கே புது வேலியோரம் நின்று கத்திக்கொண்டிருந்தான். வாழ்நாளில் சத்தம் போட்டறியாத மனிதன். எப்படிக் கத்துவது என்றுகூடத் தெரியவில்லை, ஒவ்வொரு வார்த்தையாகத் தனித்தனியே அனுப்பினான். காற்று அவன் பக்கமிருந்து எங்கள் பக்கம் வீசியதால் அட்சரம் பிசகாமல் வந்தது.

"மிஸ் ட்ரெகியர். நான் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அன்னைக்கு வாரியத்துல சொன்னீங்களே. அது நிஜமா? நிஜம்னாலும் பரவாயில்ல. நான் இங்கேதான் இருப்பேன். ஆனா தெரிஞ்சுக்கணும்."

டாம்சின் குடிசை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் தீனிக் கிண்ணம். அதை வைத்துவிட்டு, மேட்டின் ஓரத்துக்கு ஓடினாள். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

"பொய்" என்று கத்தினாள். "பொய் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே அது ஒண்ணுதான். பட்டா வந்த மறுநாள் நானே நடந்து வருவேன். கேக்குதா?"

எனக்குக் கேட்டது. என் காளைகளுக்குக் கேட்டது. காற்று அவள் வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் பிடுங்கி நேராக என்னிடம் கொண்டுவந்து போட்டது. மேற்கே ஒன்றும் போகவில்லை. போகவும் முடியாது, அந்தக் காற்றில் ஒரு தும்மல்கூட மேற்கே போகாது. ஊரும் வாரியமும் மேற்கே இருந்தது ஒரு வகையில் நல்லதாயிற்று.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கேட்டுவிட்டான் என்றே நினைத்திருப்பாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவளைப் போல் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது.

சேற்றுப்பள்ளத்துக்கு அப்பால் நோஸ்கே அசையாமல் நின்றான். ஒரு கையைக் காதோடு குவித்து வைத்திருந்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்து, பதில் வருகிறதா என்று.

நான் வாளியை அங்கேயே போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தேன். பள்ளத்தைச் சுற்றிப் போனால் தூரம். குறுக்கே போனால் முழங்கால்வரை சேறு. குறுக்கே போனேன். பாதி தூரத்தில் ஒரு செருப்பு போயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அவன் இன்னும் கையைக் காதிலிருந்து எடுக்கவில்லை.